அமுக்கரா மருந்து, மிட்டாய் அல்ல

பெரிய மருந்துக் கடை எதற்குள் நுழைந்தாலும் இந்த இரண்டும் கண்ணில் படும். ஓர் அடுக்கில் 'சித்த மருந்து' என்று அச்சிட்ட அமுக்கரா சூரண டப்பா. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். இன்னோர் அடுக்கில், புரோட்டீன் பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில், பளபளக்கும் பாட்டிலில் அஸ்வகந்தா கேப்சூல். அதைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு வரி: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே செடியின் வேர்.

சட்டப்படி இதில் குற்றமில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றால் அந்த வேர் மருந்து. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016இல் கொண்டுவந்த விதிகளின் கீழ் உரிமம் பெற்றால் அதே வேர் உணவுத் துணைப்பொருள். வாங்குகிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தூக்கம் வர வேண்டும், மன அழுத்தம் குறைய வேண்டும், உடம்பு தேற வேண்டும் என்று நோய்க்கு மருந்து தேடுகிற மனதோடுதான் இரண்டாவது பாட்டிலையும் எடுக்கிறார். ஆனால், மருந்துக்குக் காட்டுகிற எச்சரிக்கையைக் காட்டுவதில்லை. எத்தனை நாள் சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது, கூட என்ன மாத்திரை போட்டுக்கொள்கிறோம் என்ற கேள்விகளைக் கேட்பதில்லை. இப்போது காபித் தூளிலும் சாக்லேட்டிலும் மெல்லும் மிட்டாயிலும்கூட அஸ்வகந்தா வந்துவிட்டது. மிட்டாய்க்கு யார் அளவு கேட்பார்கள்?

அமுக்கராவைக் குறை சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அதன் வீரியத்தை நம்முடைய மரபு எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தது, அந்த மதிப்பை நாம் எவ்வளவு வேகமாக இழந்துவருகிறோம் என்பதே நம் கவலை.

நீமச் மண்டி முதல் கீழமாசி வீதி வரை

கத்தரி, தக்காளி, சுண்டைக்காய், ஊமத்தை எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி இது. இடுப்பளவு வளரும். இலையும் தண்டும் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பூ சிறியது, பசுமஞ்சள் நிறம். சொடக்குத் தக்காளிக்கு இருப்பதுபோல் காகித உறைக்குள் ஒரு சிவப்புப் பழம். பச்சை வேரைப் பிடுங்கி முகர்ந்தால் குதிரை லாயத்து வாடை அடிக்கும்.

இந்தியாவில் இதன் தலைநகரம் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்கள். நீமச் மண்டியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் வேர்தான் நாடு முழுக்கப் பரவுகிறது. ராஜஸ்தானின் நாகௌர் பகுதி வேருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆந்திரத்தில் அனந்தப்பூர், கர்நூல் பக்கமும் பயிராகிறது. தண்ணீர் அதிகம் கேட்காத மானாவாரிப் பயிர் என்பதால் வறண்ட நிலத்து விவசாயிக்கு இது ஒரு பிடிப்பு. மழைக்காலத்தின் பின்பகுதியில் விதைத்து, ஏறக்குறைய ஐந்தாறு மாதம் கழித்து இலை காய்ந்து பழம் சிவக்கும்போது வேரைப் பிடுங்குவார்கள். நல்ல வேர் என்பதை மண்டிக்காரர்கள் ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். விரல் பருமனில், 'சடக்'கென்று ஒடிந்து, உள்ளே மாவு வெள்ளையாக இருந்தால் முதல் தரம். சன்னமாக, உள்ளே மஞ்சளித்து, கூடு பாய்ந்திருந்தால் கடைசித் தரம்.

தமிழ்நாட்டில் கரம்பிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும் செடியை நாட்டு அமுக்கரா என்றும், வடக்கிலிருந்து வரும் சாகுபடி வேரைச் சீமை அமுக்கரா என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். மதுரை கீழமாசி வீதியிலோ உங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையிலோ 'அமுக்கராங் கிழங்கு' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் சீமை அமுக்கராதான்.

பாலாவியில் வேகும் வேர்

சித்த மருத்துவத்தில் அமுக்கராவை அப்படியே இடித்துக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும். அதற்குப் பெயர் பிட்டவியல் முறை. ஒரு மண்பானையில் பாதியளவு பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். பானையின் வாயைச் சுத்தமான துணியால் இறுகக் கட்டுவார்கள். இடித்துச் சலித்த அமுக்கராப் பொடியைப் பாலில் பிசறி அந்தத் துணியின்மேல் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து அடுப்பேற்றுவார்கள். பால் ஆவியில் பொடி பிட்டுபோல வேகும். பிறகு எடுத்து வெயிலில் நன்றாக உலர்த்தி, மறுபடி இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்வார்கள். அதன்பிறகுதான் அது மருந்துக்கு ஆகும்.

அடுத்தது கூட்டு. அமுக்கரா சூரணத்துக்குப் பரவலாக வழங்கும் அளவு மிக அழகானது. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2 பங்கு, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதின் இரட்டிப்பு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 255 பங்கு. அதில் அமுக்கரா கால் பங்குதான். இரண்டு கிராம் சூரணத்தைப் பாலில் கலந்து சாப்பிடும் நோயாளிக்கு உள்ளே போவது அரை கிராம் அமுக்கரா. அதுவும் பாலாவியில் வெந்தது. செரிமானத்தைத் தூண்டும் சுக்கு, மிளகு, திப்பிலியின் துணையோடு போவது.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. சூரணத்தில் பாதிக்கு மேல் சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் 'மூலிகைதானே' என்று மாதக்கணக்கில் இதைச் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். அவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காத வடிவம் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஆயுர்வேதம் இந்த வேரைப் பலம் தருபவை, உடலைத் தேற்றுபவை என்ற வரிசைகளில் வைக்கிறது. அஸ்வகந்தாரிஷ்டமும் அஸ்வகந்தாதி லேகியமும் அங்கே புழக்கத்தில் இருப்பவை. நெடுநாள் நோயில் கிடந்து மெலிந்தவர்கள், நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, வாத வலி, ஆண்மைக் குறைவு ஆகியவற்றுக்கு இரண்டு மரபுகளுமே இதைத் தருகின்றன. வெளிப்பிரயோகமும் உண்டு. கிழங்கைச் சுக்கோடு சேர்த்து வெந்நீர் விட்டரைத்து, இளஞ்சூட்டில் வீக்கத்தின்மேல் பற்றுப் போடுவது பழைய வழக்கம். தமிழக அரசின் சித்த மருத்துவப் பிரிவுகளிலும் அமுக்கரா சூரணம் நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது.

அளவு என்ன? இந்திய ஆயுர்வேத மருந்து நூல் வேர்ப் பொடிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்று வரம்பு சொல்கிறது. யாருக்கு எவ்வளவு என்பது வயது, செரிமானம், நோய் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. பாலிலா, தேனிலா, நெய்யிலா என்ற அனுபானமும் அப்படியே.

ஆய்வுகள் சொல்வது

மரபு சொன்னதை நவீன ஆய்வு கைவிட்டுவிடவில்லை. 2012இல் இந்திய ஆய்வாளர்கள் நாட்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேரின் செறிவுச் சாறு 300 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, 60 நாட்கள். மற்றக் குழுவுக்கு மருந்தற்ற போலி மாத்திரை. சாறு சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்த மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் அளவும் சுமார் 28 சதவீதம் இறங்கியது. 2019இல் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 60 பேரிடம் நடந்த 10 வார ஆய்வில், படுத்தபின் தூக்கம் பிடிக்கும் நேரம் குறைந்தது. 2015இல் 57 இளைஞர்களிடம் உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் தசை வலிமை கூடியது, டெஸ்டோஸ்டிரோன் சற்று உயர்ந்தது. 2018இல் தைராய்டு சுரப்பு இலேசாகக் குறைந்த 50 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தபோது தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் இறங்கி, தைராய்டு ஹார்மோன்கள் ஏறின.

இவை நல்ல செய்திகள். ஆனால், எண்களைப் பாருங்கள்: 64 பேர், 60 பேர், 57 பேர், 50 பேர். காலத்தைப் பாருங்கள்: இரண்டு, இரண்டரை மாதம். இந்த வேரை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் பதில் இல்லை. விளம்பரமோ ஆண்டு முழுக்கச் சாப்பிடச் சொல்கிறது.

இன்னொன்றையும் இந்த முடிவுகளிலிருந்தே படிக்க வேண்டும். தைராய்டு ஹார்மோனை ஏற்றுகிறது, டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துகிறது, கார்டிசாலை இறக்குகிறது என்றால், இது உடலின் நாளமில்லாச் சுரப்பிகளைத் தொடுகிற பொருள். சுரப்பிகளைத் தொடுகிற எதுவும் எல்லோருக்கும் ஏற்றதாக இருக்க வழியில்லை.

மஞ்சளாகும் கண்கள்

2020இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. மூவர் ஐஸ்லாந்தைச் சேர்ந்தவர்கள், இருவர் அமெரிக்கர்கள். அஸ்வகந்தா சாப்பிடத் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் அவர்களுக்குக் கண் மஞ்சளானது, உடம்பு அரித்தது, கல்லீரல் பரிசோதனை முடிவுகள் தாறுமாறாயின. யாருக்கும் கல்லீரல் முற்றிலும் செயலிழக்கவில்லை. எங்கோ தொலைதூரத்தில், தரமற்ற பாட்டிலில் நடந்தது என்று நாம் விட்டிருக்கலாம். ஆனால், 2023இல் இந்திய மருத்துவர்களே தங்கள் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். வேறெந்த மூலிகையும் கலக்காமல் அஸ்வகந்தா மட்டும் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த எட்டுப் பேரை அவர்கள் விவரித்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு ஏற்கெனவே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்தது. அவர்களில் மூவருக்கு நோய் திடீரென முற்றி, மூவரும் இறந்தார்கள்.

கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இந்த எண்ணிக்கை சிறியது. பெரும்பாலோருக்கு வயிற்றுப் பொருமல், பேதி, பகலில் தூக்கக் கலக்கம் தவிர வேறு தொந்தரவு வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால், கொழுப்புக் கல்லீரல் நம் ஊரில் இன்று எவ்வளவு சாதாரணம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுப் பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர்கள், பழைய மஞ்சள் காமாலைக் கிருமியைத் தெரியாமலே சுமப்பவர்கள் நம்மிடையே ஏராளம். 'உடம்பைத் தேற்ற' அமுக்கராவைத் தேடிப் போவதும் இவர்கள்தான்.

டென்மார்க் 2023இல் உணவுத் துணைப்பொருள்களில் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. எவ்வளவு சாப்பிட்டால் பாதுகாப்பு என்று ஓர் அளவை நிர்ணயிக்க முடியவில்லை, பாலியல் ஹார்மோன்களையும் தைராய்டையும் பாதிக்கலாம், கருவுக்கு ஆபத்தாகலாம் என்பது அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020இல் தந்த அறிக்கையின் சாரம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் 2024இல் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கல்லீரல் நோயாளிகள் இதைத் தவிர்க்கச் சொன்னது. நம் ஆயுஷ் அமைச்சகம் வேரின் பாதுகாப்பு பற்றி விரிவான ஆவணம் வெளியிட்டு இந்தக் கவலைகளை மறுத்திருக்கிறது. மரபு சொன்ன வேரையும் மேல்நாட்டுச் சந்தையில் விற்கும் செறிவுச் சாற்றையும் ஒன்றாக வைத்து எடை போடுவது நியாயமில்லை என்ற வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால், நம் கடைகளில் விற்பதும் இன்று பெருமளவில் அதே செறிவுச் சாறுதானே!

பத்துப் பங்கு வேரை ஒரு பங்காகச் செறிவாக்கிய சாறு என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 மில்லிகிராம் என்பது ஆறு கிராம் வேருக்குச் சமம். சூரணத்தில் போன அரை கிராம் எங்கே, இது எங்கே? பாட்டிலில், அமுக்கராவின் வீரியப் பொருளைக் குறிக்கும் 'வித்தனோலைடு 5 சதவீதம்', '10 சதவீதம்' என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது, வீரியமும் ஏறுகிறது. அந்த எண்ணை உயர்த்த ஒரு மலிவான குறுக்குவழியும் உண்டு. வேரோடு இலையைச் சேர்ப்பது. இலையில் வித்தாஃபெரின்-ஏ என்னும் பொருள் வேரைவிட அதிகம். அது உயிரணுக்களைக் கொல்லும் தன்மை கொண்டது. உள்ளுக்குச் சாப்பிட மரபு கைகாட்டியது வேரை. 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே உற்பத்தியாளர்களுக்கு, அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவுறுத்தல் அனுப்ப வேண்டியிருந்தது. வேர் என்று முன்பக்கம் எழுதிவிட்டு, உள்ளே என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்லாத பாட்டிலை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யார் தவிர்க்க வேண்டும்

கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. கருத்தரிக்க முயல்பவர்களும் பாலூட்டுபவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

தைராய்டு நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுரப்பு அதிகமாக உள்ளவருக்கு இது நோயைக் கூட்டும். சுரப்பு குறைவென்று தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வேறொரு சிக்கல். மாத்திரையும் இதுவும் சேர்ந்து ஹார்மோன் அளவை ஏற்றிவிட, படபடப்பும் கை நடுக்கமும் வரலாம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் குறைந்ததைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார். அஸ்வகந்தா விஷயம் அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் பாட்டில் தீர்ந்ததும் நோயாளி அதை நிறுத்திவிடுவார். தைராய்டு மறுபடி தடுமாறும். இந்தச் சுழலுக்குக் காரணம் ஒரே ஒரு தகவல் மறைந்ததுதான்.

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரையோ அழுத்தமோ அளவுக்கு மீறி இறங்கலாம். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மது இவற்றோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து. நோய் எதிர்ப்பைத் தூண்டக்கூடியது என்பதால், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும், முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் விலகியிருப்பது நல்லது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது கேடு. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்குப் பள்ளித் தேர்வு நேரத்தில் 'ஞாபக சக்திக்கு' என்று கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மருத்துவரின் கையெழுத்தில்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது

முதலில் சித்த மருத்துவரையோ ஆயுர்வேத மருத்துவரையோ பாருங்கள். பதிவு பெற்றவரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகள் கட்டணமின்றிக் கிடைக்கும்போது, யாரோ ஒருவரின் ஒரு நிமிட வீடியோவை நம்பி உடம்பை ஒப்படைக்க வேண்டியதில்லை. மருந்தாக உரிமம் பெற்றதையே வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் வேராக வாங்கினால் ஒடித்துப் பாருங்கள். பூச்சி அரித்ததும், உள்ளே பழுத்ததும் வேண்டாம். பொடியாக இருந்தால் எப்போது இடித்தது என்று கேளுங்கள். வீட்டில் இடித்த சூரணத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பது சித்த மருத்துவ வழக்கு. கடை டப்பாவில் அச்சிட்ட தேதியைத் தாண்டாதீர்கள்.

சாப்பிடத் தொடங்கியபின் பசி கெட்டால், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால், உடம்பெல்லாம் அரித்தால், கண்வெண்மை மஞ்சளித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 'பித்தம்' என்று காத்திருக்க வேண்டாம். அப்படி ஏதாவது நேர்ந்தால் அதைப் பதிவு செய்வதற்கும் இடம் இருக்கிறது. ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன. சித்த மருந்துகளுக்கு சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அந்த வசதி உண்டு. நோயாளியோ மருத்துவரோ யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். புகார் வந்தால்தான் எந்த உற்பத்தியாளரின் எந்தத் தொகுதியில் கோளாறு என்று கண்டுபிடிக்க முடியும். புகார் வராதவரை தவறு செய்தவரும் ஒழுங்காகச் செய்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

இப்போது அமுக்கரா சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், அந்த டப்பாவைக் கையோடு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். "இதையும் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.